வீடற்றோர் காப்பகம் திறக்கும் முன் தெருக்காரர்களிடம் பேசுவது எப்படி

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்காதீர்கள். கறிக்கடை வரிசையில் நிற்கிறவர் வரமாட்டார்; வந்தாலும் மனசு குழம்பில்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி தோதான நேரம். பெண்களும் வருவார்கள், வேலை முடிந்து திரும்பிய ஆண்களும் வருவார்கள். இடம் கல்யாண மண்டபமாக இருக்க வேண்டாம். மைக்கைக் கையில் கொடுத்தால் சாதுவான மனுஷனுக்கும் மேடைக் குரல் வந்துவிடும். மாநகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், டீ, பிஸ்கெட். அவ்வளவு போதும்.

வடசென்னையில் வீடற்றோர் காப்பகங்களில் ரொம்ப காலமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு புதுக் காப்பகத்துக்கும் எதிர்ப்பு வரும். சுவருக்குப் பெயின்ட் காய்வதற்குள் கவுன்சிலர் மேசைக்கு மனு போய்ச் சேர்ந்துவிடும். மனு கொடுப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதே தெருவில் ஆடி மாதம் அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறவர்கள்தான். இதைச் சமாளிக்க, எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கூட்டத்தில் எழுந்து ஒருவர் சொல்கிற ஆட்சேபம் அவரே யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. அவருக்கு நூறு, ஐந்நூறு வருஷம் முன்பே யாரோ ஒரு அதிகாரியோ பாட்டியோ சொல்லிவைத்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் உங்களுக்குக் கோபம் வராது. கோபம் வராவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சில முன்னேற்பாடுகள். காப்பகத்தில் தங்கப்போகிற யாரையும் கூட்டத்துக்குக் கூட்டிவராதீர்கள். "இவங்களப் பாருங்க, பாவம் இல்லையா" என்று ஒரு மனிதரை நிறுத்திக் காட்டுவது அவருக்கும் அவமானம், பார்ப்பவர்களுக்கும் சங்கடம். லேப்டாப், திரை எதுவும் வேண்டாம். உள்ளே வரும்போதே ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டும் பேனாவும் கொடுங்கள். "காப்பகம் வந்தால் உங்களுக்கு என்ன பயம்? பெயர் எழுத வேண்டாம், பயத்தை மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறதைச் சீட்டில் எழுதிவிடுவார்கள். சீட்டுகளைப் பிரித்து அடுக்கினால் எந்த ஏரியாவாக இருந்தாலும் நாலைந்து கட்டுதான் வரும். கரும்பலகையில் அவர்கள் எழுதிய சொற்களிலேயே எழுதிப் போடுங்கள். "உழைக்காத கூட்டம்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதை "பொருளாதாரப் பங்களிப்பு குறித்த ஐயம்" என்று நாகரிகப்படுத்த வேண்டாம்.

பதில் சொல்ல ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பாட்டி வீட்டுல திண்ணை இருந்துச்சா? ராத்திரி அதுல யார் படுப்பாங்க?" அறையின் சத்தமே மாறிவிடும். வளையல் செட்டியார், சாமியார், பஸ்ஸை விட்டுவிட்ட வெளியூர்க்காரர், சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வந்த சித்தப்பா என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யாராவது ஒரு பெரியவர், "எங்களையெல்லாம் அந்தத் திண்ணையில ஏத்த மாட்டாங்க" என்பார். நிச்சயம் சொல்வார். அதை மழுப்பிக் கடக்காதீர்கள், அங்கே நில்லுங்கள். ஊரே அன்னமிட்ட காலம் என்று நாம் பேசும்போதெல்லாம் யார் வாசல் வரை, யார் தெருமுனை வரை என்ற கணக்கும் கூடவே இருந்தது. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ராமேசுவரம் போகும் பாதையில் உள்ள தம் முன்னோர்களின் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு, நோய் வந்தால் மருந்து உண்டு, அநாதைப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு உண்டு என்று சொல்லி, அவற்றுக்கான நிலங்களைத் தொட வேண்டாம் என்று கேட்டிருப்பார். அரசர் அப்படி எழுதினார் என்பதும் உண்மை, பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பழைய பெருமையை மட்டும் பேசினால் பின்வரிசை எழுந்து போய்விடும்.

இனி சீட்டுகள்.

"உழைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே?"

இதுதான் எப்போதும் பெரிய கட்டு. இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் மனப்பாடமான ஆத்திசூடியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். "ஏற்பது இகழ்ச்சி" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியே "ஐயமிட்டு உண்". வாங்குவது கேவலம், கொடுக்காமல் சாப்பிடாதே. இரண்டையும் ஒரே மூச்சில் ஐந்து வயதில் ஒப்பித்தோம். யாரும் வாங்கக் கூடாது என்றால் யாருக்குப் போடுவது என்று வாத்தியாரை ஒரு பிள்ளையும் கேட்டிருக்காது. கூட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்கு வெட்கம் என்கிற ஏற்பாடு நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. கூழ் ஊற்றுகிற கையே மனுவில் கையெழுத்தும் போடுவதற்கு அதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் "உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குப் போடாதே" என்று சட்டம் போட்டு மிரட்டும் வழக்கம் நம் ஊர்ச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் 1348-ல் கொள்ளைநோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். மிஞ்சிய கூலியாட்களுக்குக் கிராக்கி ஏறியது, கூடுதல் கூலி கேட்டார்கள், ஊர்விட்டு ஊர் போனார்கள். 1349-ல் அரச ஆணை வந்தது: பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும், உழைக்கத் தெம்புள்ள பிச்சைக்காரருக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. ஆள் கிடைக்காமல் தவித்த நிலக்காரர்களுக்காக வந்தது அது. 1547-ல் வேலையில்லாமல் திரிந்தவர் நெஞ்சில் சூடு போட்டு, இரண்டு வருஷம் அடிமையாக ஒப்படைக்கலாம் என்றே சட்டம் எழுதினார்கள். அது இரண்டு மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. 1824-ல், நெப்போலியன் போர் முடிந்து வேலையில்லாத சிப்பாய்கள் தெருவில் நிறைந்திருந்த காலத்தில், வெட்டவெளியில் படுப்பதையே குற்றமாக்கிய சட்டம் வந்தது. 1834-ல் ஏழைகள் விடுதிக்கு ஒரு விதி வகுத்தார்கள்: உள்ளே இருப்பவரின் நிலை, வெளியே இருக்கிற கடைசிக் கூலிக்காரரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தேவையில்லாமல் யாரும் உள்ளே வரமாட்டார்களாம். காப்பகத்தில் ஒரு மின்விசிறி கூடுதலாகக் கேட்டபோது, "ரொம்ப வசதி பண்ணிக் குடுத்தா போகவே மாட்டாங்க மேடம்" என்று என்னிடம் ஒருவர் சொன்னார். 1834 என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இந்த யோசனை கப்பலேறி இங்கே வந்ததைச் சொல்ல வெளியூர் எதுவும் போக வேண்டாம், பக்கிங்காம் கால்வாயைக் காட்டுங்கள். 1876-லிருந்து 78 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப்போட்ட தாது வருஷப் பஞ்சம். சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை 1877 தொடக்கத்தில் இங்கே அனுப்பினார்கள். செலவைக் குறைக்க வேண்டும். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு அவர் வைத்த கணக்கு: ஒரு பவுண்டு தானியத்துக்கான காசு, மேலே ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலி கூடியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள். ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது, வெட்டினவர்கள் பெயர் எங்கும் இல்லை. எலும்பும் தோலுமாக வந்து நின்றவரிடம் "முதலில் மண்வெட்டியைப் பிடி, அப்புறம் சோறு" என்றது அரசாங்கம். 1880-ல் பஞ்ச ஆணையம் இதையே முறைப்படுத்தியது: முடிந்தவர் வேலை செய்து காட்ட வேண்டும், முடியாதவர் முடியாது என்று நிரூபிக்க வேண்டும். பிறகு வந்த பஞ்ச விதிகளெல்லாம் அதன் மேல் கட்டியவை. நாம் இன்று பிளாட்பாரத்தில் படுத்திருப்பவரைக் கடக்கும்போது கண்ணாலேயே வைக்கிற சோதனையும் அதுதான்: கை கால் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் விட்டுவிடாதீர்கள். கேட்டவர் கேட்டது இன்றைய கேள்வி. அவருக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டும், நிறுத்தி வைத்து இல்லை, சொல்லிக் காட்ட வேண்டும். எங்கள் பெண்கள் காப்பகத்தில் ஒரு அம்மா இருந்தார். பாரிமுனைப் பக்கம் பிளாட்பாரத்திலேயே பிறந்து, அங்கேயே இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். விடியுமுன்பே எழுந்து பத்ரியன் தெருப் பக்கம் போய் உதிரிப்பூ வாங்கிவருவார். குழாயடியில் முகம் கழுவி, நாரை நனைத்து, வலது கால் கட்டைவிரலில் சுற்றி இழுத்துக் கட்ட ஆரம்பித்தால் ஏழு மணிக்குள் கூடை நிறைந்துவிடும். அந்த விரலின் பக்கவாட்டில் நார் அறுத்த காய்ப்பு ஒன்று கறுத்துப்போய் இருக்கும். எதிர்ச்சாரிக் கோயிலுக்குப் போகிற பெண்கள் தினமும் அவரிடம்தான் முழம் வாங்குவார்கள். அவர்களில் யாருக்கும் அவர் வீடில்லாதவர் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை, காலையில் அவர் பூக்காரம்மா. ராத்திரி பதினோரு மணிக்கு அதே இடத்தில் படுக்கும்போதுதான் வேறு ஆளாகிவிடுகிறார்.

இப்படி உங்கள் ஏரியாவிலிருந்தே ஆட்களைச் சொல்லுங்கள்: மூட்டை தூக்குகிறவர், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், பிளாஸ்டிக் பொறுக்கிப் பிரிக்கிறவர். பெயரும் ஊரும் மாற்றிச் சொல்லுங்கள். "உழைக்கிறவங்களுக்கு ஏன் வீடு இல்ல?" என்று யாராவது கேட்டால், அந்தத் தெருவிலேயே ஒற்றை அறைக்கு என்ன அட்வான்ஸ் என்று திருப்பிக் கேளுங்கள். பத்து மாத வாடகை என்று அவர்களே சொல்வார்கள். வீட்டு உரிமையாளர் யாராவது அறையில் இருப்பார், லேசாக நெளிவார். அதோடு விடுங்கள்.

"உண்மையான ஆளுன்னா பரவாயில்ல, எல்லாம் ஏமாத்து"

கோத்திரம் அறிந்து பெண்ணைக் கொடு, பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று பழமொழியே உண்டே என்பார்கள். உண்டுதான். காவி கட்டியிருந்தால் "சாமி", லுங்கி கட்டியிருந்தால் "யோவ்" என்பதும் அந்தப் பாத்திரம் பார்க்கிற பழக்கம்தான். பட்டினத்தார் கோமணத்தோடு ஓடேந்தித் திரிந்தவர் என்று திருவொற்றியூரில் அவர் சமாதியில் விழுந்து கும்பிடுகிறோம். அவர் செல்வத்தை விட்டு வந்தார், அதனால் தெருவில் கிடந்தது தவமாகிவிட்டது. விடுவதற்கு ஒன்றுமே இல்லாமல் தெருவுக்கு வந்தவனுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் அன்று நாலு மாட வீதியிலும் வந்தவர் போனவருக்கெல்லாம் புளியோதரையும் மோரும் கொடுப்பார்கள், யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். மறுநாள் காலை விசாரணை மறுபடியும் ஆரம்பமாகிவிடும்.

இதற்கு எதிர்ச்சொல்லும் நம்மிடமே இருக்கிறது, அதனால் வெளியே போய்த் தேட வேண்டாம். வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமச்சாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசி என்று வந்தவரிடம் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன செய்கிறவர் என்று பேதம் பார்த்து விசாரிக்கக் கூடாது என்பது அவர் எழுதிவைத்தது. கடைசியாகச் சொன்ன "என்ன செய்கிறவர்" என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சாதி பார்க்கக் கூடாது என்று சொன்னவர் நிறைய பேர். நடத்தை பார்த்தும் வடிகட்டாதே என்று சொன்னவர் குறைவு. குடிக்கிறவனுக்குமா இடம் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து, உள்ளே குடிக்க அனுமதி இல்லை, ராத்திரி காவலர் உண்டு என்ற நடைமுறையையும் சொல்லிவிடுங்கள். வள்ளலாரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வாசலில் கலாட்டா நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே தொங்கும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கூட்டம் என்றால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். வயசானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலியோடு கம்பெனி சண்டை போட்ட காலத்தில் பஞ்சம் பிழைக்கச் சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782-ல் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்தது அது. ஊரே நம்பிப் போகிற ஆஸ்பத்திரிக்கு ஆரம்பம், வீடில்லாதவருக்கு ஊற்றிய கஞ்சி. இதைச் சொன்னால் பெரியவர்கள் தாங்களே மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், நீங்கள் டீ குடிக்கலாம்.

"போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க"

இங்கே கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று சங்கதி போதும்.

ஒன்று, 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கம் அதற்குக் கைரேகைச் சட்டம் என்று பெயர். 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. நிலையான வீடில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. பொதிமாட்டில் உப்பும் தானியமும் ஏற்றி விற்ற குறவர்களின் பிழைப்பை ரயில் ஏற்கெனவே கெடுத்திருந்தது. பிழைப்பு போனவர்கள் மேல் முத்திரையும் விழுந்தது. 1952-ல் நாடு முழுக்க அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். "சுத்திட்டே இருக்கான், திருடனாத்தான் இருப்பான்" என்ற பேச்சை நீக்க ஒரு அரசாணையும் வரவில்லை.

இரண்டாவது கொஞ்சம் வேடிக்கையானது, அதனால் கூட்டம் இறுக்கமாக இருந்தால் இதைச் சொல்லுங்கள். 1869-ல் அதே அரசாங்கம் வெள்ளைக்கார நாடோடிகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. வேலை போன ரயில்வேக்காரர், கப்பலைத் தவறவிட்ட மாலுமி, கழித்துவிட்ட சிப்பாய் எல்லாம் இந்தியத் தெருக்களில் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுகிற இனத்துக்கு அது மானக்கேடு. பிடித்து விடுதியில் அடைத்து, முடிந்தால் கப்பலேற்றி அனுப்பினார்கள். பசியைவிட அது யார் கண்ணில் படுகிறது என்பதுதான் அவர்களுக்குக் கவலை. வெளிநாட்டுத் தலைவர் வருகிறார் என்றால் பிளாட்பாரத்தைக் காலி செய்து வெள்ளையடிக்கிறோமே, அந்த அவசரமும் இதே ரகம்.

மூன்றாவது, 1945-ன் சென்னைப் பிச்சை தடுப்புச் சட்டம். பிச்சை எடுப்பவரைப் பிடித்து அடைக்க இடம் கொடுத்தது. சுதந்திரம் வந்த பிறகும் அது போகவில்லை. இதைப் பேசும்போது எனக்கு மணிமேகலை நினைவுக்கு வராமல் இருக்காது. அமுதசுரபியால் ஊர்ப் பசி தீர்த்தவள் சோழ அரசனிடம் என்ன வரம் கேட்டாள்? சிறைச்சாலையை அறச்சாலையாக்கித் தா என்றாள், அவனும் ஆக்கினான். அந்தக் காதைக்குத் தலைப்பே அதுதான். நாம் அப்படியே தலைகீழாகச் செய்தோம்.

நீதிமன்றங்கள் இப்போது எங்கே நிற்கின்றன என்று கேட்பார்கள். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் முறையாக அறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் அங்கே செல்லாது என்றது. 2021-ல், கொரோனா நேரத்தில் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றச் சொல்லிக் கேட்ட வழக்கில், மேட்டுக்குடிப் பார்வை பார்க்க மாட்டோம், வறுமைதான் காரணம் என்றது உச்ச நீதிமன்றம். 1985 தீர்ப்பு ஒய்.வி.சந்திரசூட் தலைமை நீதிபதியாக இருந்தபோது வந்தது, 2021-ல் அப்படிச் சொன்ன அமர்வில் இருந்தவர் அவர் மகன். கூட்டத்தில் வக்கீல் யாராவது இருந்தால் தலையாட்டுவார்.

"பிள்ளை பிடிக்கிறவங்க"

இந்தச் சீட்டைச் சிரித்துக் கடக்காதீர்கள். இது மட்டும்தான் ஆளைக் கொல்கிறது. 2018 மே மாதம் வாட்ஸப்பில் குழந்தை கடத்தல் புரளி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிடப் போன சென்னைக்கார மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் பழவேற்காட்டில், வீடில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். இருவர் மேலும் எந்தக் குற்றமும் இல்லை.

புரளி போனில் வந்தது, அதை நம்பும் மனசு போனில் வரவில்லை. சோறு ஊட்டும்போதே "சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பூச்சாண்டிக்கு நாம் கொடுக்கிற அடையாளம் என்ன? சடை, அழுக்குத் துணி, தோளில் கோணிப்பை. பாலம் கட்டினால் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று வேறு எங்கள் தலைமுறைக்கு ஒரு கதை. இதை அம்மாக்களிடம் கேளுங்கள்: "நீங்க பிள்ளைக்கு யாரைக் காட்டி பயமுறுத்துவீங்க?" பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே சிலருக்குப் பிடிபட்டுவிடும். நீங்கள் விளக்க வேண்டாம்.

கோணிப்பைக்காரர் பல நேரம் மனநோய்க்கு மருந்து கிடைக்காதவராக இருப்பார். அவரைக் கண்டால் என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிற ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு வழிசெய்வது காவல் நிலையத்தின் பொறுப்பு. அது கைது ஆகாது. கயிறு, சங்கிலி எதுவும் கூடாது. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 28 பேர் தீயில் வெந்ததை ஒரு வரியில் ஞாபகப்படுத்தினால் போதும்.

"நல்ல விஷயம்தான், ஆனா இங்க வேணாமே"

கடைசிக் கட்டு, எல்லோரும் மரியாதையாக எழுதியிருப்பார்கள். இதற்கும் வயசு இருக்கிறது. 1662-ல் இங்கிலாந்தில் ஏழையை அவனவன் சொந்த ஊருக்கே திருப்பித் துரத்தச் சட்டம் இருந்தது. நம் ஊரில் 2000-த்திலிருந்து கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். நகரத்துக்குள் இருந்த குடும்பங்களை ஊர் எல்லைக்குக் கொண்டுபோய் விட்டோம். வேலை பாரிமுனையில், வீடு பெரும்பாக்கத்தில் என்றால் பஸ்ஸுக்கே காலமும் காசும் போய்விடும். அதனால் திரும்பி வந்து பிளாட்பாரத்திலேயே படுத்தவர்களை எனக்குத் தெரியும். காப்பகம் ஏன் இங்கேயே வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்: வேலை நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும். டெல்லிக் குளிரில் ஆட்கள் செத்த பிறகு 2010-ல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் வார்டை ஒட்டிய மக்கள்தொகையைப் பலகையில் எழுதிவிடுங்கள், வகுத்தலை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

யார் தங்கப்போகிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கா, ஆண்களுக்கா, முதியோருக்கா, அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்பவர்களுக்கா என்று ஒவ்வொரு காப்பகமும் தனித்தனி. "வீடற்றோர்" என்று பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவர் மனசிலும் ஒரு பூச்சாண்டி வந்து உட்காருவான். "ஸ்டான்லியில வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்குது, ராத்திரி தலை சாய்க்க இடமில்லாத அம்மாக்கள்" என்றால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். குறைவது எனக்கு முழுச் சந்தோஷம் தருவதில்லை, ஏனென்றால் நாமும் பாத்திரம் அறிந்துதான் பேசுகிறோம். ஆண்கள் காப்பகத்துக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அங்கே கூடுதலாக ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

முடிக்கும்போது தீர்மானம், கைதட்டல், குரூப் போட்டோ எதுவும் வேண்டாம். மூன்று காகிதங்கள் கொடுத்தனுப்புங்கள். முதலாவதில் காப்பகப் பொறுப்பாளரின் கைபேசி எண், கூடவே மாநகராட்சிப் புகார் எண் 1913. இரண்டாவதில் உள்ளே நுழையும் நேரம், காவலர் நேரம், குப்பை எடுக்கும் நேரம். மூன்றாவது வெற்றுத்தாள்: பழைய பாய், தையல் மெஷின், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் என்று எதைத் தர முடியுமோ எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய துணி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழிந்த சுடிதாரால் ஒரு அறை நிறைந்துவிடும்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் சாதாரணமாக மனு எழுத மாட்டார்கள். எழுதுகிறவர் வராதவர். அவர் யார் என்று நலச்சங்கச் செயலாளருக்குத் தெரியும், டீ கிளாஸைக் கழுவி வைக்கிற நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள். மறுநாளே அவர் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டத்தில் அதிகமாக எதிர்த்துப் பேசி, கடைசி வரை உட்கார்ந்திருந்தாரே, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.